வயிறு சொல்லும் சர்க்கரைக் கணக்கு

நீரிழிவு என்றதும் கண், சிறுநீரகம், இதயம், பாதம் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்பவர்கள் உண்டு. காலில் சிறு கீறல் ஏற்பட்டாலும் பதறி மருத்துவரிடம் செல்பவர்கள் உண்டு. வயிற்றை மட்டும் எவரும் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. வயிறு உப்பினால் வாயு, எரிந்தால் அமிலம், கழிந்தால் நேற்று உண்ட உணவின் கோளாறு, கட்டினால் வயதின் கோளாறு என்று நாமே தீர்ப்பெழுதி, மருந்துக் கடையில் நாமே மாத்திரையும் வாங்கிவிடுகிறோம். சர்க்கரைக்கு மருத்துவர், வயிற்றுக்கு மருந்துக் கடைக்காரர் என்று ஒரே உடம்பை இரண்டு கணக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அவை இரண்டும் ஒரே பேரேட்டின் வரவும் பற்றும் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. கோவாவில் வயது வந்தோரில் 26.4 விழுக்காட்டினர், கேரளத்தில் 25.5 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினர், உத்தரப் பிரதேசத்தில் 4.8 விழுக்காட்டினர் என மாநிலத்துக்கு மாநிலம் அளவு வேறுபடுகிறது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். நமது வங்கியின் எந்தக் கிளையில் எந்த முகப்பின் முன் வரிசை நின்றாலும், அதில் ஒருவரேனும் சட்டைப்பையில் மாத்திரை அட்டையுடன் நிற்கிறார் என்று கொள்ளலாம்.

மருத்துவம் நமது துறையன்று. வணிகவியல் பயின்று, வரவு செலவுகளோடு காலம் கழிப்பவர்கள் நாம். ஆயினும் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்தவற்றை, நமக்குப் பழகிய கணக்கு மொழியில் சொல்வதால் சிலருக்கேனும் பயன் உண்டு என நம்புகிறோம்.

நிமிடத்துக்கு மூன்று அலைகள்

இரைப்பை வெறும் பையன்று. அது நன்கு இயங்கும் ஓர் அரைவை இயந்திரம். உண்ட உணவை அதன் மேற்பகுதி ஏற்று வைத்துக்கொள்கிறது. கீழ்ப்பகுதி அவ்வுணவை அமிலத்தோடு பிசைந்து, ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியாகும்வரை அரைத்து, தசை வளையத்தாலான ஒரு சிறு வாயிலின் வழியே சிறுகச் சிறுகக் குடலுக்கு அனுப்புகிறது. இவ்வசைவு நிமிடத்துக்கு மூன்று அலைகள் என்னும் ஒழுங்கில் நடைபெறுகிறது. அத்தாளத்தை இயற்றித் தருபவை இரைப்பைச் சுவரிலுள்ள ஒருவகைச் சிறப்பு உயிரணுக்கள். நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹாலின் பெயராலேயே அவை இன்றும் வழங்கப்படுகின்றன. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்தையும் மார்பையும் கடந்து வயிறுவரை நீளும் வேகஸ் நரம்பு அந்தத் தாளத்தைக் கூட்டியும் குறைத்தும் நெறிப்படுத்துகிறது. லத்தீன் மொழியில் அப்பெயருக்கு அலைந்து திரிவது என்று பொருள். அதன் நீண்ட பாதையைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. இவையன்றி, உணவுப் பாதையின் சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருக்குமானால், நரம்புகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சிதைவுறுகின்றன. பாதத்தில் மதமதப்பாகவும் எரிச்சலாகவும் நாம் உணர்வது இச்சிதைவைத்தான். அதே சேதம் வேகஸ் நரம்பிலும் நிகழலாம். கஹாலின் உயிரணுக்களும் எண்ணிக்கையில் குறையலாம். அப்போது இரைப்பையின் தாளம் தவறி, உணவு குடலுக்குச் செல்லாமல் தங்கிவிடுகிறது. 1958-இல் காசாண்டர் என்னும் மருத்துவர் இந்நிலைக்கு முதன்முதலாகப் பெயரிட்டு எழுதினார். மருத்துவச் சீட்டுகளில் காஸ்ட்ரோபரேசிஸ் என்று காணப்படுவது அதுவே. தமிழில் இரைப்பைத் தளர்ச்சி எனலாம். காசாண்டர் எழுதியது எந்தத் தொல்லையையும் உணராத நோயாளிகளின் வயிற்றில் உணவு தேங்கிக் கிடந்ததைப் பற்றி என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வயிறு முறையிடவில்லை என்பதற்காக அது நலமாக இருக்கிறது என்று கொள்வதற்கில்லை.

நீரிழிவுடைய எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாக நோயுடையவர்களிடமும், அவர்களுள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களிடமும், இளமையிலேயே இன்சுலினை நம்பி வாழும் முதல் வகையினரிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. நான்கு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது போன்ற உணர்வு, குமட்டல், பல மணி நேரத்துக்கு முன் உண்டது செரியாமல் அப்படியே வாந்தியாக வெளிவருதல், மேல்வயிறு உப்பி நிற்றல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

நரம்பு சேதமுறாதவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இரத்தச் சர்க்கரை மிகும் அந்த நேரத்திலேயே இரைப்பை மெதுவாகிவிடுகிறது, குறையும்போது விரைகிறது. ஆகவே சர்க்கரை வயிற்றைக் கெடுக்க, கெட்ட வயிறு சர்க்கரையைக் கணிக்க இயலாததாக்க, ஒன்றையொன்று துரத்தும் சுழல் உருவாகிறது.

வசூலாகாத காசோலை

நமது மும்பைப் புறநகர்க் கிளையில் ஓய்வூதியக் கணக்கு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் அனுபவத்தை அவருடைய இசைவோடு இங்கே சொல்கிறோம். ரயில்வே சரக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். இரவு எட்டு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, இரண்டு சப்பாத்தியும் பருப்பும் உண்பார். ஒன்பதரை மணிக்குக் கை நடுங்கும், நெற்றி வியர்க்கும். சோதித்தால் 60-க்கும் கீழே காட்டும். குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டுப் படுப்பார். விடியற்காலையில் சோதித்தால் அளவு 280. ஏதோ ஒருநாள் இப்படி நேர்ந்தால் பொருட்படுத்தாமல் விடலாம். அவருக்கோ வாரத்தில் மூன்று நான்கு நாள் இதே கதை.

வீட்டில் ஐயம் எழுந்தது. நள்ளிரவில் எழுந்து இனிப்பைத் தின்கிறார் என்று துணைவியார் முடிவு கட்டினார். மருமகள் இனிப்பு டப்பாவை எட்டாத உயரத்துக்கு மாற்றினார். மகன் ஒருநாள் அருகில் அமர்ந்து, “அப்பா, உங்களைக் குற்றம் சொல்லவில்லை, உண்மையை மட்டும் சொல்லிவிடுங்கள்” என்று கேட்டாராம். “முப்பத்தெட்டு வருடம் சரக்குக் கணக்கு எழுதினேன், சார். ஒரு மூட்டை குறைந்ததில்லை. கடைசியில் என் வீட்டிலேயே ஒரு லட்டுக்குத் திருடனாகிப்போனேன்” என்று அவர் நம்மிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கையொப்பமிட எடுத்த பேனாவை மூடாமலே வெகுநேரம் வைத்திருந்தார்.

மருத்துவர் இன்சுலின் அளவை இருமுறை மாற்றியும் பயனில்லை. பின்னர் அவர் வயிற்றைப் பற்றி விசாரித்தார். ஒரு சப்பாத்தியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறதா? மதியம் உண்ட சாம்பாரின் மணம் மாலை ஏப்பத்தில் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றார் பெரியவர். இத்தனை ஆண்டுகளில் இவற்றை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நான் சர்க்கரைக்குத்தானே உங்களிடம் வருகிறேன்” என்பது அவருடைய விடை.

உள்நோக்கிக் குழாய் செலுத்தி, வழியில் அடைப்போ புண்ணோ இல்லை என்று முதலில் உறுதி செய்தனர். பிறகு, மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவை உண்ணச் செய்து, நான்கு மணி நேரம் இரைப்பையைப் படமெடுக்கும் சோதனை நடந்தது. முட்டையின் வெள்ளைக்கருவும் ரொட்டியும் இச்சோதனைக்கு உலகெங்கும் வழங்கும் உணவு. நம் நாட்டில் சைவ உணவினருக்காக இட்லியிலேயே கலந்து தருகின்ற மருத்துவமனைகளும் உள்ளன. நான்கு மணி நேரம் கழித்து உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் எஞ்சியிருந்தால் அது தாமதம் எனப்படும். பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது.

இதனை நம் வங்கி வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். கணக்கில் காசோலை ஒன்றைச் செலுத்துகிறோம். அது வசூலாகும் என்று நம்பி, அன்றைக்கே கடன் தவணைக்கான தானியங்கிப் பற்றுக்கும் ஆணை கொடுத்திருக்கிறோம். காசோலை வசூலாகத் தாமதமாகிறது; பற்று உரிய நேரத்தில் வந்து நிற்கிறது. இருப்பில் பணமில்லை, தவணை திரும்புகிறது, அபராதமும் விழுகிறது. மறுநாள் காசோலை வசூலாகும்போது பணம் வந்து குவிகிறது. பற்று வைக்கத்தான் யாருமில்லை. உண்ட சப்பாத்தி அந்தக் காசோலை. இன்சுலின் அந்தத் தவணை. ஒன்பதரை மணி நடுக்கமும் விடியற்காலை 280-ம் தனித்தனிக் கோளாறுகள் அல்ல. ஒரே தாமதத்தின் முன்பக்கமும் பின்பக்கமும். நடுக்கத்துக்காகக் குடித்த குளுக்கோசும் பிற்பகுதிக் கணக்கிலேயே சேர்ந்துகொண்டது.

மருத்துவர் ஊசியின் நேரத்தையும் வகையையும் மாற்றி, இரவு உணவை ஏழு மணிக்கு முன்னதாக்கி, அளவைக் குறைத்து, பகலில் ஒருவேளை கூட்டிக் கொடுத்தார். நடுக்கம் இப்போது மாதத்துக்கு ஒருமுறை வந்தால் மிகுதி. இரைப்பை பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை. அது திரும்பும் என்று மருத்துவரும் வாக்களிக்கவில்லை. வீட்டாரின் ஐயம் மட்டும் அந்தப் படங்களைப் பார்த்த அன்றே தீர்ந்தது. டப்பா இன்னும் மேல் அலமாரியிலேயே இருக்கிறதாம். அதற்குக் காரணம் பேரப்பிள்ளைகள் என்கிறார்.

இதைப் படித்துவிட்டு எவரும் ஊசியின் நேரத்தைத் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டா. சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. வயிறு அவற்றுள் ஒன்று. ஆனால் மருத்துவரிடம் நாம் சொல்லாமல் விட்டுவிடும் காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

நல்ல அறிவுரை பொருந்தாத இடம்

நீரிழிவுக்காரர்களுக்கு எல்லோரும் கூறும் அறிவுரை நார்ச்சத்து. கம்பு, கேழ்வரகு, கீரை, பச்சைக் காய்கறி, முளைகட்டிய பயறு, ஊறவைத்த வெந்தயம். பெரும்பாலோருக்கு இது மிக நல்ல அறிவுரையே. நார்ச்சத்து உணவின் பயணத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. ஆனால் இரைப்பை ஏற்கெனவே தாமதிக்கும் ஒருவருக்கு இதே அறிவுரை பாதகமாகிவிடும். அரைபடாத நார் இரைப்பையில் தங்கி உருண்டையாகத் திரண்டுவிடுவதும் உண்டு. எண்ணெயும் நெய்யும் இரைப்பையை மேலும் மெதுவாக்குபவை. ஆகவே இத்தகையவர்களுக்கு மருத்துவர்கள் வேறு வழி சொல்கின்றனர்: ஒருவேளைக்குக் குறைந்த அளவு, நாளுக்கு ஐந்தாறு வேளை, குழைய வேகவைத்தது, மசித்தது, வடிகட்டியது, கொழுப்புக் குறைந்தது, தோலும் விதையும் நீக்கிய காய், நன்கு மெல்லுதல், உண்டதும் படுக்காமல் சிறிது நடத்தல். திட உணவை ஏற்க மறுக்கும் இரைப்பை நீர்த்த உணவைப் பெரும்பாலும் விட்டுவிடும். எனவே பருப்புத் தண்ணீரும் மோரும் காய்கறிச் சாறும் கைகொடுக்கும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குழைந்த சோறு இரைப்பைக்கு இதம். சர்க்கரைக்கு அத்தனை நல்லதன்று. அளவைக் கொண்டே இரண்டுக்கும் சமரசம் காண வேண்டும். அண்டை வீட்டார் தந்த உணவுப் பட்டியல் இவ்விடத்தில் உதவாது; மருத்துவமனை உணவியலாளர் ஒருவரிடம் அரைமணி நேரம் செலவிடுவது மேல்.

உணவைத் தள்ளிவிட மருந்துகளும் உள்ளன. அவற்றுள் டோம்பெரிடோன், அமிலம் குறைக்கும் மாத்திரையோடு கலந்து, மருந்துக் கடைகளில் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அம்மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது. மெட்டோகுளோப்ரமைட் நீண்டகாலம் உட்கொண்டால் முகத்திலும் கைகால்களிலும் தன்வயமற்ற அசைவுகள் தோன்றக்கூடும். இரண்டும் மருத்துவர் குறித்த காலத்துக்கு மட்டுமே உரியவை.

சொல்லக் கூசும் தொல்லைகள்

நீரிழிவில் குடல் தரும் தொல்லைகளுள் மலச்சிக்கலே மிகுதி. அதை வெளியே சொல்ல நம்மவர்கள் கூசுவதில்லை. காலை நடைப்பயிற்சியின்போது விரிவாகவே பேசுகின்றனர். கூசுவது மற்றொன்றைப் பற்றி. நெடுநாள் நீரிழிவுடைய சிலருக்கு நள்ளிரவில், வலியே இல்லாமல், நீராகக் கழியும். சில வாரம் தொடர்ந்து, பிறகு தானே நின்று, மலச்சிக்கலாக மாறி, மீண்டும் தொடங்கும். ஆசனவாய்த் தசையின் கட்டுப்பாடும் தளர்ந்திருந்தால் படுக்கையிலேயே கழிந்துவிடுவதுண்டு. இதற்கு அஞ்சி வெளியூர்ப் பயணத்தையும் திருமண வீடுகளையும் தவிர்ப்பவர்கள் காரணத்தைக் குடும்பத்தாரிடமும் சொல்வதில்லை. இது ஒழுக்கக் கேடுமன்று, முதுமையின் இழிவுமன்று. நரம்பு தளர்ந்ததன் விளைவு. அசைவு குறைந்த சிறுகுடலில் நுண்ணுயிரிகள் அளவுமீறிப் பெருகுவதும் ஒரு காரணம். அதைக் கண்டறிய மூச்சுக் காற்றைச் சோதிக்கும் முறையும், குணப்படுத்த மருந்தும் உள்ளன. வாய்திறந்து சொன்னால்தான் அவை கிடைக்கும்.

எல்லாப் பழியையும் நரம்பின்மேல் போடவும் முடியாது. தீபாவளிக்குச் சர்க்கரையற்ற இனிப்பு என்று அழகிய பெட்டிகளில் வருகின்றவற்றில் பலவும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற பொருள்களால் இனிப்பூட்டப்பட்டவை. அவை குடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. இரண்டு துண்டு உண்டால் தெரியாது. அரைப்பெட்டி உண்டால் வயிறு இரைந்து கழியும். சர்க்கரை இல்லை என்ற துணிவில் அரைப்பெட்டி உண்பவர்கள்தாம் பெரும்பாலோர்.

முதல் வகை நீரிழிவுடைய பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அத்தகைய பிள்ளைகளுள் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் சேர்ந்திருக்கிறது. கோதுமையே முதன்மை உணவான வட மாநிலங்களில் இது மிகுதியாக அறியப்படுகிறது. டெல்லியிலும் பஞ்சாபிலும் குடியேறி, சப்பாத்திக்கு மாறிய நம் குடும்பங்களில், பிள்ளை வளர்ச்சி குன்றி, அடிக்கடி கழிந்து, இரத்தசோகையுடன் இருந்தால், ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் ஐயம் தெளியத் தொடங்கும்.

மருந்தின் பங்கு

நீரிழிவுக்கு முதலில் தரப்படும் மெட்பார்மின் மலிவானது, நம்பத்தக்கது. ஆனால் தொடக்கத்தில் பலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தருகிறது. குறைந்த அளவில் தொடங்கி, உணவோடு உட்கொண்டு, மெல்லக் கூட்டினால் பெரும்பாலும் பழகிவிடும். பழகாதவர்களுக்கு மெல்லக் கரையும் வகை உள்ளது. அவ்வகை மாத்திரையின் வெற்றுக்கூடு சிலருடைய மலத்தில் முழுதாகக் காணப்படும். மருந்து உடலில் சேரவில்லையோ என்று அஞ்ச வேண்டா. மருந்து சேர்ந்துவிட்டது, கூடுதான் வெளியேறியது. பல ஆண்டுகள் மெட்பார்மின் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவினருக்கும், நெடுங்காலம் அமிலக் குறைப்பு மாத்திரை விழுங்குபவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதல். அக்குறைபாடும் பாதத்தில் மதமதப்பையே தரும் என்பதால், நீரிழிவின் நரம்புச் சேதம் என்று தவறாகக் கருதப்பட்டுவிடும்.

அகார்போஸ், வோக்லிபோஸ் என்னும் மாத்திரைகள் குடலில் மாவுப்பொருள் சிதைவதைத் தாமதப்படுத்துபவை. சிதையாத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்து நொதிப்பதால் வாயு மிகும். இவற்றை உட்கொள்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று: சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், வீட்டுச் சீனியோ பிஸ்கட்டோ மிட்டாயோ விரைந்து பயன் தராது, அவற்றைச் சிதைக்கும் வழியைத்தான் மருந்து மறித்து வைத்திருக்கிறதே. நேரடியாகக் குளுக்கோஸ் தூள் மூன்று தேக்கரண்டி நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழுக்காக வரும் ஓய்வூதியர்கள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சிற்றுண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையில் வந்து நிற்பதைக் காண்கிறோம். சான்றிதழுக்கு அன்று முழுவதும் நேரம் இருக்கிறது. சிற்றுண்டியை முடித்துவிட்டே வரலாம். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று ஓய்வூதியப் புத்தகத்தோடு பையில் இருக்கட்டும்.

அண்மைக்காலத்தில் எடைக் குறைப்புக்காகவும் பேசப்படும் செமாகுளூடைடு போன்ற மருந்துகள் இரைப்பையை மெதுவாக்குவதையும் தம் செயல்முறையின் ஒரு பகுதியாகக் கொண்டவை. குமட்டலும் வாந்தியும் அவற்றின் வழக்கமான பக்கவிளைவுகள். அறுவை மருத்துவமோ உள்நோக்கிச் சோதனையோ செய்துகொள்ளும்போது, இரவு முழுவதும் பட்டினி இருந்தபின்னும் இரைப்பையில் உணவு எஞ்சியிருக்கக்கூடும்; மயக்க மருந்தின்போது அது நுரையீரலுக்குள் செல்வது ஆபத்து. மயக்க மருத்துவர் கேட்காவிட்டாலும் இம்மருந்தைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கல்லீரலைப் பற்றியும் ஒரு சொல். நீரிழிவும் கொழுப்பேறிய கல்லீரலும் பெரும்பாலும் சேர்ந்தே வாழ்கின்றன. மதுவைத் தொடாதவர்களும் இதற்கு விலக்கல்லர். வலி இராது. 2021-இல் மைய அரசு, நீரிழிவு உள்ளிட்ட நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் இந்நோயையும் சேர்த்தது. வயிற்றுப் பரிசோதனை அறிக்கையில் கொழுப்பேறிய கல்லீரல் என்ற வரியைக் கண்டு, இது எல்லோருக்கும் இருப்பதுதானே என்று கோப்பில் வைத்துவிடுபவர்கள், அதை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நலம்.

வாயு என்று எண்ணிய இரவுகள்

இதுவரை சொன்னவை வாழ்வைத் தொல்லைப்படுத்துபவை. இனிச் சொல்லும் இரண்டும் உயிரைப் பற்றியவை.

நரம்பு தளர்ந்தவருக்கு வலியின் செய்தி முழுமையாக வந்து சேர்வதில்லை. மாரடைப்பின்போது பிறர் துடிக்கும் மார்வலி, நெடுநாள் நீரிழிவுடையவருக்கு மேல்வயிற்றில் ஒரு கனமாகவோ, ஏப்பமாகவோ, குமட்டலும் வியர்வையுமாகவோ மட்டும் தோன்றலாம். இரவு பதினொரு மணிக்கு ஒரு சோடாவும் ஒரு மாத்திரையும் கொடுத்து, விடிந்ததும் பார்க்கலாம் என்று வீட்டார் படுக்க வைத்துவிடுகின்றனர். அந்த ஏழு மணி நேரம் இதயத் தசைக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. வழக்கமில்லாத வகையில் வயிற்றுத் தொல்லையோடு வியர்வையோ மூச்சுத் திணறலோ களைப்போ சேர்ந்து வந்தால், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் சென்று இதய மின்பதிவு எடுத்துக்கொள்வதே முறை. அது வாயுவாகவே இருந்தாலும் நட்டம் சில நூறு ரூபாய்தான்.

மற்றொன்று, இன்சுலின் பற்றாக்குறையால் இரத்தம் அமிலமாகும் கீட்டோ அமிலநிலை. கடும் வயிற்றுவலியும் வாந்தியுமே இதன் முகம். ஆகவே உணவு நஞ்சானதாகத் தவறாக எண்ணப்படுகிறது. உண்ணவில்லையே, ஊசி எதற்கு என்று இன்சுலினை நிறுத்திவிடுவது இந்நிலையில் நிகழும் பெரும் பிழை. வாந்தி எடுக்கும் நாளில் இன்சுலினின் அளவை மருத்துவர் மாற்றலாம், நாமாக நிறுத்தலாகாது. அதற்கு மாறாக, பெயர் ‘கிளிப்ளோசின்’ என்று முடியும் சில மாத்திரைகளை வாந்தியின்போதும் நீண்ட நோன்பின்போதும் நிறுத்தி வைக்கவே மருத்துவர்கள் சொல்கின்றனர். அவற்றால், சோதனையில் சர்க்கரை பெரிதும் ஏறாமலே அமிலநிலை வந்துவிடக்கூடும். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, எதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்பதை உடல்நலமாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டிவைக்கலாம். ஏகாதசியோ நவராத்திரியோ ரமலானோ, நோன்பிருக்கும் வழக்கமுடையவர்களுக்கு இத்தாள் இன்னும் இன்றியமையாதது.

காப்பீடும் குறிப்பேடும்

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் நீரிழிவை மறைப்பவர்கள், பின்னாளில் வயிற்றுக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேரும்போது, அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை என்று வாதிடுவர். மேலே படித்தவற்றிலிருந்து அவ்வாதம் எத்தனை நேரம் நிற்கும் என்பது விளங்கும். மருத்துவக் குறிப்பின் முதல் வரியிலேயே நீரிழிவு எத்தனை ஆண்டு என்று எழுதப்பட்டுவிடுகிறது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்துவிட்டது. 60 மாதங்கள் தொடர்ந்து நடப்பிலிருக்கும் காப்பீட்டில், மோசடி என்று நிறுவினாலன்றி, முன்னர் எதைச் சொல்லவில்லை என்று காட்டி உரிமைத்தொகையை மறுக்க இயலாது. உள்ளதைச் சொல்லிக் காத்திருப்பது முன்னைக்காட்டிலும் இப்போது எளிது.

மருத்துவரைக் காணச் செல்லுமுன் இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு எழுதிப் பார்க்கப் பரிந்துரைக்கிறோம். சர்க்கரை அளவை மட்டும் எழுதும் குறிப்பேடுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவை வரவே இல்லாமல் இருப்பை மட்டும் காட்டும் பேரேடுகள். உண்ட நேரம், உண்டது என்ன, ஊசி அல்லது மாத்திரையின் நேரம், இரண்டு மணி நேரம் கழித்து அளவு, படுக்கும்முன் அளவு, வயிறு எப்படி இருந்தது, இரவில் எத்தனை முறை எழ நேர்ந்தது ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் வரட்டும். பற்களும் ஈறுகளும் எப்படி இருக்கின்றன என்பதையும் ஒரு வரியில் எழுதலாம். நன்கு மெல்ல முடியாதவரின் இரைப்பைக்கு வேலை இரட்டிப்பாகிறது. கடைசிப் பக்கத்தில், மருந்துக் கடையில் நாமாகவே வாங்கி உட்கொள்ளும் மாத்திரைகள், சூரணங்கள், காலையில் குடிக்கும் கஷாயங்கள் அனைத்தின் பெயர்களும், எவ்வளவு காலமாக என்பதும் இருக்க வேண்டும்.